எந்த இயங்குதளம்? எவர் பொறுப்பு?

நுழையும்முன்

கடையில் ஒரு பொருளை வாங்குவோர் அதன் விலையையும் தரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். ஆனால், நிறுவனங்கள் தம் கணினிகளுக்கு இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுப் பணம் கொடுத்து வாங்குகின்றன. புதியதை ஒதுக்கிப் பழையதை நாடுகின்றன. இதற்குக் காரணம் என்ன? அத்தேர்வின் பின்னுள்ள கணக்கையும், அக்கணக்கில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒரு வினாவையும் இப்பாடம் ஆராய்கிறது.

ஒரே தோல், இருவேறு பதம்

ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழிறங்கினால், சிறிது தொலைவில் சோலையார்பேட்டைத் தொடர்வண்டிச் சந்திப்பு உள்ளது. அங்கிருந்து பாலாற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை என நீள்கிறது தமிழ்நாட்டின் தோல் தொழில் நிலப்பரப்பு. தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் இங்குத் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகின்றன.

பச்சைத்தோல் அப்படியே விடப்பட்டால் அழுகிவிடும். அதனைப் பதனிட இருவேறு வழிகள் உண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களின் சாற்றில் ஊறவைப்பது ஒரு வழி. அதற்கு வாரக்கணக்கில் காலம் தேவை. குரோமிய உப்பைப் பயன்படுத்திச் சுழலும் பீப்பாய்களில் பதனிடுவது மற்றொரு வழி. அது ஓரிரு நாளில் முடிந்துவிடும். தாவர முறையில் பதனிட்ட தோல் விறைப்பும் உறுதியும் உடையது. காலணியின் அடிப்பகுதிக்கு ஏற்றது. குரோமிய முறையில் பதனிட்ட தோல் மென்மையானது. காலணியின் மேற்பகுதிக்கு ஏற்றது. இவ்விரண்டில் எது சிறந்தது என்று தொழிலறிந்த ஒருவரிடம் கேட்டால், அவர் உடனே விடை கூறமாட்டார். எதற்காகத் தேவைப்படுகிறது என்று திருப்பிக் கேட்பார்.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதும் இத்தகையதே. எது சிறந்தது என்னும் வினாவுக்கு அங்கும் பொருளில்லை. எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, எவர் பொறுப்பில் என்னும் வினாக்களே ஒரு நிறுவனத்தின் தேர்வை முடிவு செய்கின்றன.

ஒரு கெர்னல், பல வழங்கல்கள்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் இயங்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகம், கோப்புகள், கருவிகள் அனைத்தையும் ஆள்வது இயங்குதளம். விண்டோஸ் ஒரே நிறுவனத்தின் படைப்பு. அதன் மூலநிரலை அந்நிறுவனமே காக்கிறது; பதிப்புகளையும் அதுவே வெளியிடுகிறது. லினக்ஸின் வரலாறு வேறு. பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினசு தோர்வால்டுசு, 1991ஆம் ஆண்டு கெர்னல் எனப்படும் உட்கருவை எழுதி வெளியிட்டார். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் அறிவித்த குனு திட்டத்தின் மென்பொருள்கள் அதனுடன் இணைந்தன. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமத்தின் கீழ் அது வளர்ந்தது.

எனினும், கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் பணியாற்ற இயலாது. அதனுடன் நூற்றுக்கணக்கான மென்பொருள்களைத் தொகுத்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு சோதித்து, நிறுவும் வகையில் தருதல் வேண்டும். அவ்வாறு தொகுக்கப்பட்டதே வழங்கல் எனப்படும். செருமனியில் தோன்றிய சூசே, அமெரிக்காவின் ரெட் ஹாட், தன்னார்வலர் பலர் கூடி உருவாக்கும் டெபியன், 2004ஆம் ஆண்டு முதல் வெளிவரும் உபுண்டு ஆகியவை புகழ்பெற்ற வழங்கல்கள். இவற்றின் கெர்னல் ஒன்றே. தொகுத்தவர் யார், எத்தனை ஆண்டு பேணுவார், பழுது நேர்ந்தால் எவரை அழைப்பது என்பவற்றில்தான் இவை வேறுபடுகின்றன.

ஒரு தொழிற்சாலை, மூன்று தேவைகள்

ஆம்பூரில் இயங்கும் நடுத்தரக் காலணித் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். அங்குள்ள கணக்குப் பிரிவில் டேலி மென்பொருள் இயங்குகிறது. அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கணக்கரும் தணிக்கையாளரும் அதில் பழகியவர்கள். காலணியின் அச்சு வடிவங்களை வரையும் வடிவமைப்பு மென்பொருளும் விண்டோஸையே எதிர்பார்க்கிறது. இங்கு நிறுவனம் தேர்ந்தெடுத்தது இயங்குதளத்தை அன்று, மென்பொருளை. அம்மென்பொருள் எங்கு இயங்குகிறதோ அங்கு இயங்குதளம் தானே வந்து சேர்கிறது.

இரண்டாவது, சேவையகம். கொள்முதல், இருப்பு, ஊதியம் ஆகிய பதிவுகள் அனைத்தும் அதில் இருக்கின்றன. இரவு பகலாக இயங்கும் அக்கணினியின் திரையை எவரும் பார்ப்பதில்லை. அதற்கு அழகிய தோற்றம் தேவையில்லை. நிற்காமல் இயங்கினால் போதும். இவ்வகைப் பணியில் லினக்ஸ் உலகெங்கும் வேரூன்றியுள்ளது. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் இடம்பெறுபவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. ஆயினும், எந்த லினக்ஸ் என்னும் வினா எழும்போது உரிமையாளரின் விருப்பத்துக்கு எல்லை விழுகிறது. எடுத்துக்காட்டாக, பெருநிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி ஹானா தரவுத்தளம் சூசே, ரெட் ஹாட் ஆகிய இருவரின் நிறுவனப் பதிப்புகளில் இயங்குவதற்கே சான்றளிக்கப்பட்டுள்ளது. வேறொரு வழங்கலில் நிறுவி, சிக்கல் நேர்ந்தால், தரவுத்தளத்தை விற்றவர் பொறுப்பேற்கமாட்டார்.

மூன்றாவது, தோலை வெட்டும் இயந்திரத்துடன் இணைந்து வரும் கணினி. அதன் இயங்குதளத்தை முடிவு செய்பவர் இயந்திரத்தைச் செய்தவர். இயந்திரம் இருபது ஆண்டு உழைக்கக்கூடும். அதனுள் இருக்கும் இயங்குதளத்தின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடுகிறது. ஆக, ஒரே கூரையின்கீழ் மூன்று தேவைகள், மூன்று தேர்வுகள். ஓர் இயங்குதளத்தை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

ஆயுட்காலம் என்னும் அளவுகோல்

பழையதை நாடுவதன் காரணமும் இங்கேயே உள்ளது. மென்பொருளில் பாதுகாப்புக் குறைகள் நாள்தோறும் கண்டறியப்படுகின்றன. அவற்றுக்கான திருத்தங்களை வெளியிடுவதாக ஒருவர் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியளிக்கிறாரோ, அத்தனை ஆண்டுகளே ஓர் இயங்குதளத்தின் உண்மையான ஆயுள். உபுண்டுவின் சாதாரணப் பதிப்புக்கு 9 மாதங்களே ஆதரவு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 5 ஆண்டுகள். ரெட் ஹாட்டின் நிறுவனப் பதிப்புக்கு 10 ஆண்டுகள். புதிய வசதிகளை விரும்பும் மாணவர் முதல்வகையை நாடலாம். ஆயிரம் தொழிலாளரின் ஊதியத்தைக் கணக்கிடும் சேவையகத்தை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியமைக்க எந்த மேலாளரும் துணியமாட்டார்.

ஆயுள் முடிந்த இயங்குதளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதன் இடர் இந்தியாவில் அறியாதது அன்று. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன்பின்னும் வங்கிகளின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல அதிலேயே இயங்கின. 2018 ஜூன் மாதம் இந்திய ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டு, 2019 ஜூனுக்குள் எல்லா இயந்திரங்களையும் ஆதரவுள்ள பதிப்புகளுக்குப் படிப்படியாக மாற்றுமாறு வங்கிகளைப் பணித்தது. இதற்கிடையே 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல், திருத்தம் செய்யப்படாத விண்டோஸ் கணினிகளை உலகெங்கும் முடக்கியது. அதற்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. திருத்தம் இருந்தும் அதனை நிறுவாத கணினிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

எனவே, இலவச இயங்குதளத்தை விடுத்து ஆண்டுச் சந்தா செலுத்தும் நிறுவனத்தை ஏமாளி என்று எண்ணுவது தவறு. அது மென்பொருளுக்கு விலை தரவில்லை. ஒருவருடைய விழிப்புக்கு விலை தருகிறது. விலையில்லாப் பொருளையும் ஒருவர் பேணியே ஆகவேண்டும். அப்பேணுதலை ஊதியம் பெறும் பணியாளர் செய்யலாம், தன்னார்வலர் செய்யலாம், வெளி நிறுவனம் செய்யலாம். எவரும் செய்யாவிடில் இழப்பு உறுதி.

வாக்குறுதி மாறியபோது

பணம் கொடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணுவதும் பிழையே. சென்ட்ஓஎஸ் என்னும் வழங்கலின் கதை இதனை உணர்த்தும். ரெட் ஹாட்டின் நிறுவனப் பதிப்பை அதன் திறந்த மூலநிரலிலிருந்தே மீண்டும் தொகுத்து, சந்தா இன்றி அளிப்பதற்காக 2004ஆம் ஆண்டில் தோன்றியது அது. வலைத்தளங்களை நடத்துவோரும் ஆய்வுக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் அதனைப் பெரிதும் நம்பினர். 2014ஆம் ஆண்டு ரெட் ஹாட் அத்திட்டத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டு ரெட் ஹாட்டை ஐபிஎம் நிறுவனம் 3400 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 டிசம்பரில் அறிவிப்பு ஒன்று வந்தது: 2029 வரை ஆதரவு கிடைக்கும் என்று பயனர் எதிர்பார்த்த சென்ட்ஓஎஸ் 8ஆம் பதிப்பு, 2021 இறுதியுடன் முடிவுறும்.

அதனை நம்பிச் சேவையகங்களை நிறுவியிருந்தோர் ஓராண்டுக்குள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஆனால், அவர்கள் கைவிடப்பட்டவர்களாக நிற்கவில்லை. மூலநிரல் வெளிப்படையாக இருந்தமையால் ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் என்னும் இரு வழங்கல்கள் 2021ஆம் ஆண்டிலேயே பிறந்தன. இயற்பியல் ஆய்வில் புகழ்பெற்ற செர்ன், பெர்மிலேப் ஆகிய ஆய்வுக்கூடங்கள் 2022 டிசம்பரில் அல்மா லினக்ஸைத் தம் தேர்வாக அறிவித்தன. மூடிய மூலநிரல் கொண்ட ஓர் இயங்குதளத்தின் ஆதரவு இவ்வாறு நின்றிருந்தால், அதன் பயனர் உரிமையாளரின் அடுத்த பதிப்பை வாங்குவதன்றி வேறு செய்வதற்கு ஒன்றுமில்லை.

நிறுவனங்களின் கணக்கில் விடுபட்டுப் போகும் வினா இதுவே: இதனை விட்டு வெளியேற வேண்டிய நாள் வந்தால் வழி இருக்கிறதா? விலையைக் கேட்கின்றனர்; ஆதரவுக் காலத்தைக் கேட்கின்றனர்; வாயிலைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

அரசுகள் கற்ற பாடம்

வெளியேறும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் திறனும் வேண்டும். செருமனியின் மியூனிக் நகராட்சி 2003ஆம் ஆண்டு லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. பத்தாண்டு உழைப்பில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாறின. ஆயினும், பிற அலுவலகங்களுடன் ஆவணங்களைப் பரிமாறுவதில் இடர்ப்பாடு என்னும் குறைகள் எழுந்தன. ஆட்சியாளரின் கருத்தும் மாறியது. 2017ஆம் ஆண்டு விண்டோஸுக்கே திரும்ப அம்மன்றம் முடிவெடுத்தது.

கேரளத்தில் நிகழ்ந்தது வேறு. அங்கு 2001ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம், சில ஆண்டுகளிலேயே கட்டற்ற மென்பொருளைத் தழுவியது. பள்ளிகளுக்கென்றே ஒரு வழங்கலைத் தொகுத்தனர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். பாடநூல்களையும் அதற்கேற்ப எழுதினர். இயங்குதளம், ஆசிரியர், பாடநூல் ஆகிய மூன்றும் ஒருசேரச் சென்றமையால் அம்முயற்சி நிலைத்தது.

தமிழ்நாடும் இவ்வழியில் முன்னரே அடியெடுத்து வைத்தது. 2007ஆம் ஆண்டையொட்டி எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அதே ஆண்டில், சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய வழங்கல் வெளிவந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பெற்ற கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. ஒரே கணினியில் இருவழிகளும் திறந்திருந்தன. ஆனால், ஒரு வழியைத் திறந்து வைப்பது வேறு. அதில் நடக்கப் பழக்குவது வேறு. கேரளத்தின் அனுபவம் காட்டுவது இரண்டாவதன் இன்றியமையாமையை.

பொதுவில் ஒரு காவல்

இவ்விடத்தில் சிறு தொழில்முனைவோர் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். வெளியேறும் வழியைக் காத்துக்கொள்ளவும் இயங்குதளத்தைப் பேணவும் தேர்ந்த பணியாளர் வேண்டும். பெருநிறுவனம் அதற்குச் செலவிடலாம். ஐம்பது பேர் பணியாற்றும் ஒரு தொழிற்கூடம் என்ன செய்யும்? இம்மறுப்பில் நியாயம் உண்டு. கையிலிருக்கும் விண்டோஸையும், ஊரிலுள்ள கணினிக் கடைக்காரரையும் அவர் நம்புவது அறியாமையால் அன்று. வேறு துணை இல்லாமையால்.

ஆனால், இதற்கு ஒப்பான சிக்கலைப் பாலாற்றங்கரை முன்பே சந்தித்திருக்கிறது. தோலைப் பதனிடும் செலவைக் கணக்கிட்டவர்கள் கழிவுநீரின் செலவைக் கணக்கிடவில்லை. அச்செலவை ஆறும் கிணறுகளும் வயல்களும் ஏற்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை நிலைநாட்டியது. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாத சிறு தொழிற்கூடங்கள் ஒன்றுகூடி, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன. குறைகள் இருப்பினும், தனியொருவரால் இயலாதது கூட்டாக இயலும் என்பதற்கு அவை சான்று.

கணினிக் காவலுக்கும் இவ்வழி பொருந்தும். ஒரு வட்டாரத்தின் தொழிற்கூடங்கள் கூடி, சேவையகங்களுக்கு நீண்டகால ஆதரவுள்ள ஒரு வழங்கலைப் பொதுவாகத் தேர்ந்தெடுக்கலாம். அதனைப் பேண இரண்டு மூன்று வல்லுநர்களைப் பொதுவில் பணியமர்த்தலாம். திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவுதல், தரவுகளுக்கு மாற்றுப்படி எடுத்தல், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவில் ஆவணங்களைச் சேமித்தல் ஆகியவை அவர்களின் கடமைகளாகும். கணக்குப் பிரிவில் விண்டோஸ் தொடரலாம்; அதனை அகற்றுவது நோக்கமன்று. எந்த ஒரு நிறுவனத்தின் முடிவும் தொழிலை முடக்காத நிலையை அடைவதே நோக்கம். கட்டற்ற வழங்கலால் பயன்பெறுவோர் அதற்குப் பொருளாகவோ உழைப்பாகவோ ஒரு பங்கைத் திருப்பித் தருவதும் முறையாகும். சென்ட்ஓஎஸ் பயனருள் பெரும்பாலோர் பெற்றவர்களாக மட்டுமே இருந்தனர். அதனால்தான் அதன் முடிவைப் பற்றிய பேச்சில் அவர்களின் குரலுக்கு இடமில்லாமற் போயிற்று.

மாணவர் பங்கு

இத்தகைய வல்லுநர்கள் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. கணினித் திரையைத் தமிழில் அமைத்துக்கொள்ள லினக்ஸ் இடமளிக்கிறது. அதன் சொற்களைத் தமிழாக்கியவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலர்கள். கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கும் கணியம் இதழ் 2012ஆம் ஆண்டு முதல் இணையத்தில் வெளிவருகிறது. ஒரு பழைய கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் டெபியனையோ உபுண்டுவையோ நிறுவிப் பழகலாம். நிறுவுவதில் தவறு நேரலாம், மீண்டும் நிறுவலாம். அப்பழக்கத்தில் கற்பது ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்தை மட்டுமன்று. எந்த இயங்குதளமும் எவ்வாறு இயங்குகிறது என்பதையும்தான்.

ஒன்றை மட்டுமே அறிந்தவர் அதன் உரிமையாளர் கூறும் விலையை ஏற்கவேண்டும். இரண்டை அறிந்தவர் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். நாளை இப்பகுதியின் தொழிற்கூடங்களில் கணக்கராகவும் பொறியாளராகவும் உரிமையாளராகவும் அமரவிருப்போர் இன்றைய மாணவர். ஒரு மென்பொருளை விற்க வருபவரிடம் அவர்கள் கேட்க வேண்டியவை மூன்று: இதனைப் பேணுபவர் யார்? எத்தனை ஆண்டுகளுக்குப் பேணுவார்? அவர் கைவிட்டால் என் தரவுகளை எடுத்துக்கொண்டு நான் வேறிடம் செல்ல முடியுமா? மூன்றாவது வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில், குறைந்த விலையைக் கண்டு கையொப்பமிடுதல் தகாது.